மனத்துயர் நீடிப்பது ஏன்? உளவியல் சிகிச்சை ஆய்வுகள் வந்த வழி

“ஒரு நிமிடம் வேகவேகமாக, ஆழமாக மூச்சு வாங்குங்கள். நானும் உங்களோடு சேர்ந்து செய்கிறேன்” என்கிறார் சிகிச்சையாளர். எதிரே இருப்பவர் தயங்குகிறார். மாரடைப்பு வந்துவிட்டது என்று பயந்து நாலைந்து முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடியவர் அவர். ஒவ்வொரு முறையும் இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்றால் இந்தப் படபடப்பு எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. இப்போது மூச்சை வேகப்படுத்திக் கொஞ்ச நேரத்திலேயே விரல் நுனி மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது, நெஞ்சு இறுகுகிறது. “இதேதான்! அன்றைக்கும் இதேதான் வந்தது!” என்கிறார். குரலில் பயம் இருக்கிறது, கூடவே வியப்பும் இருக்கிறது. உயிருக்கே ஆபத்து என்று நினைத்த ஒன்றை நாற்காலியில் உட்கார்ந்தபடி வெறும் மூச்சாலேயே வரவழைக்க முடிகிறதே!

இது ஒரு தனி மனிதரின் கதை இல்லை. பீதிக் கோளாறுக்குச் சிகிச்சை தரும் பல அறைகளில் வழக்கமாக நடக்கும் காட்சி. இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகுதான் இதைச் செய்வார்கள். இதற்குப் பின்னால் இருக்கும் கருத்தை 1986இல் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் தெளிவாக எழுதிவைத்தார். இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது. அதை ‘மாரடைப்பு’ என்று மனம் வாசித்துவிடுகிறது. அந்த வாசிப்பு பயத்தைக் கிளப்புகிறது, பயம் துடிப்பை இன்னும் கூட்டுகிறது, கூடிய துடிப்பு ‘பார்த்தாயா, நிஜம்தான்’ என்று முதல் எண்ணத்துக்குச் சாட்சி சொல்கிறது. இப்படி வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே உட்கார்ந்துவிடுவது, சுவரைப் பிடித்துக்கொள்வது, ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எல்லாம் அப்போதைக்கு ஆறுதல் தருகின்றன. ஆனால் ‘உட்கார்ந்ததால்தான் பிழைத்தேன்’ என்ற நம்பிக்கையையும் அவை விதைத்துவிடுகின்றன. உட்காராமல் இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அவருக்குக் கிடைப்பதில்லை.

முதல் பீதி ஏன் வந்தது? தூக்கம் கெட்ட ஒரு வாரமாக இருக்கலாம், நெருங்கிய ஒருவரின் மரணமாக இருக்கலாம், காரணமே தெரியாமலும் போகலாம். தொடங்கி வைத்தது எது என்பது ஒரு கேள்வி. இன்றைக்கும் விடாமல் பிடித்து வைத்திருப்பது எது என்பது வேறொரு கேள்வி. உளவியல் சிகிச்சை ஆய்வுகளின் எழுபது ஆண்டு வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவது, முதல் கேள்வியிலிருந்து இரண்டாவது கேள்விக்கு நகர்ந்த அந்த நகர்வுதான். எங்கே இரண்டாவது கேள்விக்குத் துல்லியமான விடை கிடைத்ததோ அங்கே சிகிச்சை பலமாக நிற்கிறது. எங்கே விடை மங்கலாக இருக்கிறதோ அங்கே எல்லாச் சிகிச்சையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிகிறது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பேச்சுவழிச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் உளப்பகுப்பாய்வுதான். குழந்தைப்பருவம், அடக்கிவைத்த ஆசைகள், கனவுகள் என்று வேரைத் தோண்டிப்போகும் முறை அது. வேரைக் கண்டால் நோய் தானாக விழும் என்பது நம்பிக்கை. அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. 1952இல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் ஒரு குறுங்கட்டுரை எழுதினார். 24 ஆய்வுகளிலிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து அவர் சொன்னது இதுதான்: நரம்புத்தளர்ச்சி வகைப் பிரச்சினை உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும், சுமார் இரண்டு ஆண்டுகளில் தேறிவிடுகிறார்கள். அப்படியானால் சிகிச்சை எதற்கு?

சிகிச்சையாளர்கள் கொதித்துப்போனார்கள். ஐசெங்கின் கணக்கில் ஓட்டைகள் இருந்தது உண்மை. ‘சிகிச்சை பெறாதவர்கள்’ என்று அவர் ஒப்பிட்டவர்களில் மருத்துவமனையில் இருந்தவர்களும் உண்டு, காப்பீட்டு இழப்பீடு கோரிப் பொது மருத்துவரிடம் மருந்தும் ஆறுதலும் பெற்றவர்களும் உண்டு. இரு தரப்பும் ஒரே மாதிரி மனிதர்கள் இல்லை. ‘தேறிவிட்டார்’ என்பதற்கும் ஒரே அளவுகோல் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டுரை செய்த நன்மை பெரிது. “என்னிடம் வந்தவர்கள் குணமானார்கள்” என்று சிகிச்சையாளர் சொன்னால் போதாது, வராமலே இருந்திருந்தால் அவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்பதையும் காட்டவேண்டும் என்ற நெருக்கடியை அது உண்டாக்கியது. சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல் ஆட்களை இரு குழுவாகப் பிரித்து ஒப்பிடும் பழக்கம் இந்தத் துறைக்குள் வந்தது அதன் பிறகுதான்.

இன்னொரு பக்கம், வேரைத் தோண்டாமலே பயத்தைப் போக்கலாம் என்று காட்டும் வேலை முன்பே தொடங்கியிருந்தது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். மூன்று வயதுகூட நிறையாத குழந்தை. அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டிலிருக்கும் முயலை அறையின் தூரத்து மூலையில் வைப்பார்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவருவார்கள். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். அவனுக்கு ஏன் அந்தப் பயம் வந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. தெரியவேண்டிய தேவையும் வரவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்துத் தென்னாப்பிரிக்காவின் ஜோசஃப் வோல்ப்பி இதே வழியை ஒழுங்கான சிகிச்சை முறையாக ஆக்கினார். உடலைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்து, பயப்படும் காட்சிகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை படிப்படியாகக் கற்பனை செய்யவைத்தார்.

1967இல் கோர்டன் பால் கேட்ட கேள்வி துறையின் திசையையே மாற்றியது. உளவியல் சிகிச்சை பலன் தருமா என்று மொட்டையாகக் கேட்பது வீண் என்றார் அவர். எந்தச் சிகிச்சை, யார் கொடுக்க, எந்த மனிதருக்கு, எந்தக் குறிப்பிட்ட பிரச்சினைக்கு, எந்தச் சூழ்நிலையில் பலன் தருகிறது என்று கேளுங்கள் என்றார். ‘மருந்து பலன் தருமா’ என்று யாராவது பொதுவாகக் கேட்டால் எந்த மருந்து, எந்த நோய்க்கு என்று நாம் திருப்பிக் கேட்க மாட்டோமா? அதே நியாயம்தான்.

பொதுவான கேள்விக்கும் ஒரு விடை வந்தது. 1977இல் மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் சுமார் 375 ஆய்வுகளை ஒரே தராசில் வைத்து நிறுத்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் நடுவில் நிற்கும் ஒருவர், சிகிச்சை பெறாதவர்களில் 75 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்று கண்டார்கள். இப்படிப் பல ஆய்வுகளை ஒன்றாக்கிக் கணக்கிடும் தொகுப்பாய்வு முறை இன்று எல்லா மருத்துவத் துறைகளிலும் இருக்கிறது. அது பிரபலமானதற்கு உளவியல் சிகிச்சை பற்றிய இந்தச் சண்டையும் ஒரு காரணம் என்பது பலருக்குத் தெரியாது.

அதன் பிறகு எண்கள் கொஞ்சம் இறங்கின, அதையும் சொல்லியாகவேண்டும். ஒப்பீட்டுக் குழு என்றால் பல ஆய்வுகளில் காத்திருப்புப் பட்டியல்தான். “உங்கள் முறை மூன்று மாதம் கழித்து” என்று சொல்லி உட்காரவைக்கப்பட்டவர், தன் பங்குக்கு எந்த முயற்சியும் எடுக்காமல் காத்திருப்பார். அவரோடு ஒப்பிட்டால் எந்தச் சிகிச்சையும் உயரமாகத் தெரியும். ஒரு முறையைக் கண்டுபிடித்தவரே அதைச் சோதித்தால் அது ஜெயிக்கும் வாய்ப்பும் கூடிவிடுகிறது. தோற்ற ஆய்வுகள் அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன. மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சை பற்றி அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் நிதி கொடுத்த ஆய்வுகளை 2015இல் ஒரு குழு தேடிப் பிடித்தது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெளியிடப்படவே இல்லை. அவற்றின் முடிவுகளையும் கேட்டு வாங்கிச் சேர்த்தபோது சிகிச்சையின் பலன் கால் பங்கு குறைந்தது. பலன் இருப்பது உறுதி, விளம்பரம் செய்த அளவுக்கு இல்லை. மனச்சோர்வு மருந்துகளின் ஆய்வுகளிலும் இதே கதைதான் வெளிப்பட்டது என்பதால், மருந்துப் பக்கத்துக்கும் பேச்சுப் பக்கத்துக்கும் இடையே வெற்றி கொண்டாட ஒன்றுமில்லை.

இனி பிரச்சினைகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம். ஓசிடி என்று பரவலாக அறியப்படும் எண்ணச் சுழற்சி நோயில் சற்று நின்று பேசவேண்டும். நோயைத் தொடரவைப்பது எது என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை கிடைத்த இடம் இதுதான். நெடுங்காலம் இது தீராத நோய் என்று கைவிடப்பட்டிருந்தது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளிடம் ஒரு புது வழியை முயன்றார். அவர்கள் அஞ்சுவதைத் தொடவைத்தார். தொட்ட பிறகு வழக்கமாகச் செய்யும் சடங்குகளைச் செய்யவிடாமல் கூடவே ஆள் வைத்தார். இருவரும் தேறினார்கள்.

கதவுக் கைப்பிடியைத் தொட்டால் கிருமி ஒட்டிவிடும் என்று அஞ்சும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் கை கழுவுவார். ஏழு தரம், விரலிடுக்கு ஒவ்வொன்றாக, எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. தோல் வெடித்து ரத்தம் கசியும்வரை. கழுவி முடித்ததும் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் நோயின் உணவு. கழுவினால் பயம் இறங்குகிறது என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகக் கழுவச் சொல்கிறது. வீட்டார் “கை சுத்தமாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதே” என்று அன்போடு சொல்லும் ஒவ்வொரு சொல்லும்கூட ஒரு கழுவல்தான். ஒரு மணி நேரம் தாங்கும், பிறகு மறுபடியும் கேட்கத் தோன்றும்.

சிகிச்சையில் சிகிச்சையாளர் முதலில் தானே கைப்பிடியைத் தொடுகிறார். பிறகு அவரைத் தொடச் சொல்கிறார். “பயம் நூற்றுக்கு எவ்வளவு?” “எண்பது.” “சரி, கழுவாமல் அப்படியே இருப்போம்.” சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். சில நேரம் எண் இறங்குகிறது, சில நேரம் அன்றைக்கு இறங்குவதே இல்லை. முன்பெல்லாம் எண் இறங்கியே ஆகவேண்டும் என்று நினைத்தார்கள். மிஷெல் கிராஸ்க் போன்றவர்களின் ஆய்வுகள் இந்த நம்பிக்கையை அசைத்துவிட்டன. பழைய பய நினைவு அழிவதில்லை. ‘தொட்டேன், கழுவவில்லை, எதிர்பார்த்த கேடு வரவில்லை’ என்ற புது நினைவு அதன் பக்கத்தில் வந்து உட்காருகிறது. எந்த நினைவு முந்திக்கொள்கிறது என்பதில்தான் போட்டி. அதனால்தான் சிகிச்சை அறையின் கைப்பிடியோடு நிறுத்தாமல் வீட்டில், அலுவலகத்தில், தனியாக, களைத்திருக்கும்போது என்று பல இடங்களில் பழகச் சொல்கிறார்கள்.

2005இல் எட்னா ஃபோவாவின் குழு வெளியிட்ட ஆய்வில் இந்த எதிர்கொள்ளும் சிகிச்சை பெற்றவர்களில் 62 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவு தேறினார்கள். க்ளோமிப்ரமின் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 42, இரண்டும் சேர்ந்தவர்களில் 70, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 8. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஓசிடி காலப்போக்கில் தானாகச் சரியாகிவிடும் நோய் இல்லை, வெறும் ஆறுதலுக்கும் மசிகிற நோய் இல்லை. இப்படி இருக்கும்போது, ஓசிடி உள்ள பலர் இந்த முறையின் பெயரையே கேள்விப்படாமல், குழந்தைப்பருவம் பற்றிய உரையாடல்களில் வருடக்கணக்கைக் கழிப்பது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

தூக்கமின்மையும் இதே வகை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தூக்கம் வரவில்லை என்று படுக்கையில் அதிக நேரம் கிடப்பதே தூக்கத்தைக் கெடுக்கிறது. படுக்கை விழித்திருக்கும் இடமாக மாறிவிடுகிறது. ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறார் என்றால் படுக்கையில் இருக்கும் நேரத்தையும் ஏறத்தாழ அவ்வளவாகவே குறைத்து, பிறகு மெல்லக் கூட்டுவார்கள். முதல் வாரம் கடினம். 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நீடித்த தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால், இந்த வழியையும் உள்ளடக்கிய உளவியல் சிகிச்சையைத்தான் தொடங்கவேண்டும் என்று அறிவித்தது.

மனச்சோர்வுக்கு வந்தால் இந்தத் தெளிவு கலைந்துவிடுகிறது. ஆரன் பெக் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது தன்மேல் திருப்பிக்கொண்ட கோபம் என்ற கருத்தை நிரூபிக்கத்தான் நோயாளிகளின் கனவுகளைச் சேகரித்தார். கனவுகளில் கோபம் கிடைக்கவில்லை. இழப்பும் தோல்வியும் யாரும் ஏற்காத தனிமையும்தான் கிடைத்தன, விழித்திருக்கும்போது அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் அதே சொற்கள். அதிலிருந்து பிறந்ததுதான் அறிவாற்றல் சிகிச்சை: ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று தானாக ஓடும் எண்ணத்தைப் பிடித்து, அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து விசாரிப்பது. தன் கருத்துக்கு எதிராக வந்த தரவை ஏற்றுக்கொண்டு பாதையை மாற்றிய அந்த நேர்மைக்காகவே பெக்கை எனக்குப் பிடிக்கும்.

1989இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வு வெளிவந்தது. மூன்று மையங்களில் 250 பேர், 16 வாரம். பெக்கின் முறை, உறவுகளை மையமாகக் கொண்ட இன்னொரு சிகிச்சை, இமிப்ரமின் மருந்து, வெற்று மாத்திரையோடு மருத்துவரின் அக்கறையான சந்திப்பு என்று நான்கு பிரிவு. பேச்சுவழிச் சிகிச்சைகள் இரண்டுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கடுமையான மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு மட்டும் மருந்து முன்னால் நின்றது. லேசான நிலையில் இருந்தவர்கள் எந்தப் பிரிவிலும் தேறினார்கள்.

1996இல் நீல் ஜேக்கப்சன் ஒரு குறும்பான ஆய்வு செய்தார். பெக்கின் சிகிச்சையைப் பிரித்துப் போட்டு, எண்ணங்களை விசாரிக்கும் பகுதியையே எடுத்துவிட்டு, ‘செயல்களைக் கூட்டுங்கள்’ என்ற எளிய பகுதியை மட்டும் ஒரு குழுவுக்குக் கொடுத்தார். முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நிகராகவே அவர்களும் தேறினார்கள். இந்தச் செயலூக்கச் சிகிச்சையில் நடப்பது கிட்டே போய்ப் பார்த்தால் மிகச் சாதாரணம். ஒரு தாளில் நாளின் ஒவ்வொரு மணியும் கட்டமாக இருக்கிறது. அந்த மணியில் என்ன செய்தார், மனநிலை பத்துக்கு எவ்வளவு என்று எழுதுகிறார். ‘காலை 10, படுக்கை, 2. காலை 11, படுக்கை, 1. மாலை 5, நண்பரின் போனை எடுத்தேன், 4.’ அந்த நாலைப் பார்த்து இருவரும் நின்றுவிடுகிறார்கள். “மனசு சரியானதும் செய்கிறேன்” என்பதுதான் மனச்சோர்வின் வழக்கமான பேச்சு. செய்தால்தான் மனசு கொஞ்சம் அசையும் என்பதை அந்த நாலு காட்டுகிறது. 2016இல் இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த ஆய்வில், அதிக அனுபவமில்லாத இளநிலைப் பணியாளர்கள் கொடுத்த செயலூக்கச் சிகிச்சை, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் கொடுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணங்களையும் செயல்களையும் சேர்த்துக் கையாளும் முறைக்கு) குறைவில்லாமல் நின்றது. செலவும் குறைவு.

எல்லா முறையும் சமமாகவே வருகிறது என்பதை 1936லேயே சால் ரோசன்ஸ்வைக் சொல்லிவிட்டார். எல்லாச் சிகிச்சையிலும் பொதுவாக இருக்கும் ஏதோ ஒன்றுதான் வேலை செய்கிறது போலும் என்றார். எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. அமெரிக்க மனநல வகைப்பாட்டின்படி ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருந்தால் மனச்சோர்வு, அவற்றில் துயரமோ ஈடுபாடின்மையோ ஒன்றாவது இருக்கவேண்டும். கணக்குப் போட்டால் 227 விதமான சேர்க்கைகள் வரும். தூங்கவே முடியாதவரும் நாள் முழுதும் தூங்குபவரும் ஒரே பெயரின் கீழ் வந்துவிடுகிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அவரைப் பிடித்து வைத்திருப்பது ஒன்றாக இல்லாதபோது, சராசரிகள் எல்லாம் ஒன்றுபோல வருவதில் என்ன ஆச்சரியம்? கவனச்செறிவை, அதாவது இந்தக் கணத்தில் மனதில் ஓடுவதை நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பதை, அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை பற்றி 2000இல் வந்த ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வு வந்து போனவர்களில் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களில் 37 மட்டுமே. ஆனால் இரண்டு முறை மட்டுமே வந்தவர்களுக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரே நோய்ப்பெயர், ஒரே சிகிச்சை; யாருக்கு என்பதில்தான் வித்தியாசம். கோர்டன் பால் கேட்டது இதைத்தான்.

நல்லெண்ணத்தால் மட்டும் சிகிச்சை நல்லதாகிவிடாது என்பதை உறைக்கச் சொன்ன ஒரு பாடமும் இந்த வரலாற்றில் இருக்கிறது. விபத்து, தீ, வன்முறை போன்ற பேரதிர்ச்சியில் சிக்கியவர்களை ஓரிரு நாளுக்குள் உட்காரவைத்து, நடந்ததை எல்லாம் விவரமாகப் பேசவைத்து, உணர்ச்சிகளைக் கொட்டவைக்கும் ஒற்றை அமர்வு முறை ஒரு காலத்தில் எங்கும் பரவியது. மனசில் அடைத்து வைக்கக்கூடாது, பேசிவிட்டால் பாரம் இறங்கும் என்ற பொதுப்புத்தியோடு அது ஒத்துப்போனது. பங்கேற்றவர்களும் உதவியாக இருந்தது என்றே சொன்னார்கள். சாலை விபத்தில் அடிபட்டவர்களை மூன்று ஆண்டு பின்தொடர்ந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு 2000இல் வெளியானது. தொடக்கத்தில் கடுமையான அதிர்ச்சி அறிகுறிகள் இருந்தவர்களில், இந்த அமர்வு கிடைக்காதவர்கள் காலப்போக்கில் தேறியிருந்தார்கள். அமர்வு கிடைத்தவர்கள் அப்படியே இருந்தார்கள். காயம் தானாக மூடிவரும் நேரத்தில் கட்டைப் பிரித்துப் பார்த்ததுபோல ஆகிவிட்டது. அதிர்ச்சி நினைவு மாதக்கணக்கில் போகாமல் வாட்டும்போது, பல வாரம் எடுத்து, அந்த நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து எதிர்கொள்ளும் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. அதே பேச்சுதான். காலமும் அளவும் ஆளும் தவறினால் கெடுதல்.

ஏற்பதா, மாற்றுவதா என்ற சிக்கலை அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் அளவுக்கு அனுபவித்தவர் இருக்கமாட்டார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவர்கள், திரும்பத் திரும்பத் தற்கொலைக்கு முயல்பவர்கள் என்று மற்றவர்கள் ஏற்கத் தயங்கியவர்களோடு அவர் வேலை செய்தார். “இதை மாற்றுங்கள், அதை மாற்றுங்கள்” என்று சொன்னால், என் வலியை இவர் புரிந்துகொள்ளவே இல்லை என்று அவர்கள் எழுந்து போனார்கள். வெறுமனே பரிவோடு கேட்டால் ஒன்றும் மாறாததில் நம்பிக்கை இழந்தார்கள். ‘உங்கள் நிலையில் இப்படி உணர்வது நியாயம்தான்’, ‘இது மாறியே ஆகவேண்டும்’ என்ற இரண்டையும் ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ளும் முறையை அவர் உருவாக்கினார். வாரந்தோறும் தனி அமர்வு, குழுவில் திறன் பயிற்சி, நெருக்கடியில் கூப்பிடத் தொலைபேசி. 1991இல் வந்த முதல் ஒப்பீட்டு ஆய்வில், உயிருக்கு ஆபத்தான அந்தச் செயல்கள் இந்தச் சிகிச்சை பெற்றவர்களிடம் குறைந்திருந்தன. இருபது ஆண்டு கழித்து, 2011இல், தானும் இளவயதில் இதே துன்பத்தோடு மனநல மருத்துவமனையில் நெடுநாள் கிடந்தவள்தான் என்று லினஹன் வெளிப்படையாகச் சொன்னார்.

மனச்சிதைவு போன்ற நோய்களில் மருந்துதான் அடித்தளம். பேச்சு அதன் மேல் கட்டப்படுவது. அங்கேயும் ‘தொடரவைப்பது எது’ என்ற கேள்விக்கு இடமிருக்கிறது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வுகள், மருத்துவமனையிலிருந்து ஓயாத குறைகூறலோ மூச்சுமுட்டும் அளவுக்கு அதிகத் தலையீடோ உள்ள வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்று காட்டின. குடும்பத்தாருக்கு நோயைப் புரியவைத்துப் பேச்சுமுறையை மாற்ற உதவும் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது, மறுபடி வருவதைக் குறைக்கவும் செய்கிறது. குடும்பம்தான் நோய்க்குக் காரணம் என்று அதற்கு முந்தைய தலைமுறைக் கோட்பாடுகள் பெற்றோர்மேல் சுமத்திய பழி மட்டும் கொடுமையானது, ஆதாரமும் இல்லாதது.

சிகிச்சையாளருக்கும் வந்தவருக்கும் இடையிலான உறவு எங்கே வருகிறது? கார்ல் ரோஜர்ஸ் 1940களிலேயே அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, மூடிய அறைக்குள் நடப்பதை ஆய்வுக்குத் திறந்துவிட்டவர். பரிவும் நேர்மையும் நிபந்தனையற்ற ஏற்பும்தான் சிகிச்சை என்றார். 1979இல் எட்வர்ட் போர்டின் அதை இன்னும் நடைமுறையாக்கினார். எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் ஒப்புதல், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் ஒப்புதல், இருவருக்குமிடையே ஒரு பிணைப்பு. 2018இல் 295 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தக் கூட்டுறவு வலுவாக இருந்தால் பலனும் கூடுகிறது என்பது உறுதியானது. ஆனால் பலனில் காணப்படும் ஏற்றத்தாழ்வில் அது விளக்குவது எட்டு விழுக்காடு அளவுதான். ‘உறவுதான் எல்லாம்’ என்பவர்கள் இந்த எண்ணையும் நினைவில் வைத்திருக்கவேண்டும். கைப்பிடியைத் தொடவைக்காத அன்பான சிகிச்சையாளர் ஓசிடி உள்ளவருக்கு நல்ல நண்பராக இருக்கலாம், சிகிச்சை ஆகாது. அவர்மேல் நம்பிக்கை இல்லையென்றால் யாரும் கைப்பிடியைத் தொடப்போவதும் இல்லை.

யார் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு மனதை நிறைக்கும் விடைகள் வந்திருக்கின்றன. 2008இல் வெளியான ஆய்வில், பாகிஸ்தான் கிராமங்களில் மகப்பேற்று காலத்தில் மனச்சோர்வுற்ற தாய்மார்களை, கிராமச் சுகாதாரப் பணிப்பெண்களே எளிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை கற்றுக்கொண்டு வீடுவீடாகப் போய்ப் பார்த்தார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் அந்தத் தாய்மாரில் 23 விழுக்காட்டினரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது; ஒப்பீட்டுக் குழுவில் 53. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, சுகாதார நிலையங்களுக்கு வெளியே மரப்பெஞ்சுகளைப் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமாரை உட்காரவைத்தார். அங்கே இந்தத் துயருக்கு ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்று பெயர். ‘அளவுக்கு மீறி யோசிப்பது’ என்று பொருள். பிரச்சினைகளை எல்லாம் கொட்டவைத்து, அதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இந்த வாரம் அதற்கு என்ன செய்யலாம் என்று பாட்டி கேட்பார். 573 பேரிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்தும் பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் துயர் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது.

சிகிச்சை எல்லாருக்கும் பலிப்பதில்லை. வந்தவர்களில் ஒரு சிறு பங்கினர், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர், வந்தபோது இருந்ததைவிட மோசமாகிப் போகிறார்கள். அதைச் சிகிச்சையாளரால் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? 2005இல் வெளியான ஒரு ஆய்வில், 550 பேருக்குச் சிகிச்சை கொடுத்தவர்களிடம் இவர்களில் யார் மோசமாவார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். மூன்று பேரைத்தான் சொன்னார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். திறமைக் குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. உதவுகிறோம் என்று நம்பும் மனிதருக்கு, தன் உதவி வேலை செய்யவில்லை என்பது கண்ணில் படுவதே இல்லை. மைக்கேல் லாம்பர்ட் இதற்கு முன்வைத்த வழி மிக எளிது. ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் காத்திருக்கும் நேரத்தில் வந்தவர் ஒரு சிறு கேள்வித்தாளை நிரப்புகிறார். மதிப்பெண் ஒரு கோடாக ஓடுகிறது. அந்தக் கோடு எதிர்பார்த்த பாதையை விட்டு விலகினால் சிகிச்சையாளருக்கு எச்சரிக்கை போகிறது. இப்படி எச்சரிக்கை கிடைத்தால், பாதை தவறிப்போகிறவர்களில் மோசமாகிறவர்களின் எண்ணிக்கை குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதயத்துக்கு மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தத்தை அளந்துகொண்டே இருப்பதுபோலத்தான் இது. ஆனாலும் பல சிகிச்சை அறைகளுக்குள் இந்தத் தாள் இன்னும் நுழையவில்லை.

நுழைந்த ஒரு அறையில் இப்படி நடக்கும். ஐந்தாவது அமர்வு. கோடு இரண்டு வாரமாகத் தவறான பக்கம் போகிறது. வந்தவர் வழக்கம்போலச் சிரித்தபடி, “பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்” என்கிறார். சிகிச்சையாளர் இதுவரை வந்தவரின் வாழ்க்கையில் தேடிக்கொண்டிருந்தார், இந்தத் துயரைத் தொடரவைப்பது எது என்று. இன்றைக்குத் தாளை இருவருக்கும் நடுவே வைத்து, தன் பேனாவை மூடுகிறார்.

“போன வாரம் நான் சொன்னதில் உங்களுக்கு ஒத்துவராதது எது? சொல்லுங்கள், கேட்கிறேன்.”